அப்பா செய்த அலமாரி, அக்கா அளந்த காற்று

அன்புள்ள அக்காவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், மூன்று வாரமாக ஊமையாகக் கிடந்த நம் வீட்டு அழைப்பு மணி இன்று காலை யாரும் அழுத்தாமலேயே தானாக அடித்துத் தன் மௌனத்தைக் கலைத்துக்கொண்டது. இவ்வளவு எழுதியதும் அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்து, "முதல்ல நல்லா இருக்கோம்னு எழுதுடா வாலு, அவ பயந்துடப் போறா" என்கிறாள். ஆகவே, நாங்கள் மூவரும் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் முணுமுணுக்கிறது, நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறோம். அம்மா துணி மடித்துக்கொண்டே சொல்கிறாள், நான் எழுதுகிறேன். சொல் அவளுடையது, சேட்டை என்னுடையது.

உன் அறிக்கை வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை. அம்மா வேலை பார்க்கும் குழந்தைகள் காப்பகத்தில் புது அறை திறந்ததிலிருந்து, மத்தியானம் தூங்கி எழுந்த பிள்ளைகள் எல்லாம் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்கள் அல்லவா, பெரிய டீச்சர் தரை துடைக்கிற மருந்தைச் சந்தேகப்பட்டார், அம்மா சுவர் பெயிண்டைச் சந்தேகப்பட்டாள், சுவரை அடைத்து நின்ற அலமாரியை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை, ஏனென்றால் அது அப்பா செய்தது. உன் ஆய்வுக்கூடத்திலிருந்து நீ அனுப்பிய, காற்றில் கலந்திருப்பதை உறிஞ்சி வைக்கும் வில்லையை அம்மா ஒரு நாள் அந்த அறையில் தொங்கவிட்டுத் திருப்பி அனுப்ப, காற்றில் கண்ணை எரிக்கும் ஃபார்மால்டிஹைடு வாயு இருக்கலாம் என்ற அளவைப்போல் மூன்று மடங்கு, மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பலகையிலிருந்துதான் வருகிறது என்று நீ எழுதினாயே, அந்தத் தாளை முதலில் பிரித்துப் படித்தது அப்பாதான். இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாவது தடவையும் படித்தார். பிறகு, "அறுக்கும்போது எனக்கும்தான் கண்ணு எரியும், பழகிப்போச்சுன்னு விட்டுட்டேன்" என்றார், அவ்வளவுதான். மறுநாள் காலை பெரிய டீச்சரிடம் நேராகப் போய், "அலமாரி என்னுது டீச்சர், சுவத்துப் பக்கத்தை யாரு பாக்கப்போறாங்கன்னு மைக்கா ஒட்டாம விட்டேன், நானே கழட்டிக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். இதைச் சொல்லும்போது அம்மா மடித்த துணியையே மறுபடி மடிக்கிறாள், அவ்வளவு பெருமை. நாலு நாள் பட்டறை முற்றத்தில் உட்கார்ந்து, முதுகுப்பக்கம், அறுத்த விளிம்பு, திருகு போட்ட ஓட்டை வரை வாயு கசியாதபடி ஒன்று விடாமல் மூடினார். பலகைக் கடைக்காரர், "தெரியாத பக்கத்துக்கு எதுக்குண்ணே வீண் வேலை" என்றாராம். அப்பா சட்டைப்பையில் பென்சிலோடு வைத்திருக்கும் உன் அறிக்கையை உருவி, "என் பொண்ணு கையெழுத்துப் போட்டிருக்கா, படி" என்றாராம். கேட்டவர், கேட்காதவர் எல்லாருக்கும் காட்டிக் காட்டி அந்தத் தாள் மடிப்பில் கிழிந்தேவிட்டது. அம்மா சொல்கிறாள்: "சின்ன வயசுல கையில கிடைச்சதையெல்லாம் மோந்து பாப்ப, வேணாம்டி வேணாம்டின்னு கத்துவேன், நல்லவேளை நீ என் பேச்சக் கேக்கல."

இனி முக்கியமான செய்தி, அதாவது நான். அலமாரி திரும்ப அறைக்குள் ஏறியபின் மறுபடி அளக்கும் பொறுப்பு இந்த முறை என்னிடம் வந்தது. பிள்ளைகள் படுத்து மூச்சு விடும் உயரத்தை அப்பாவின் டேப்பால் அளந்து, வில்லையை நூலில் கட்டி, சன்னல் கதவு எல்லாம் சாத்தி, காலை எட்டு பத்திலிருந்து மறுநாள் எட்டு பத்து வரை தொங்கவிட்டேன். உள்ளே ஈ காக்கை நுழையவில்லை. வில்லை இந்தக் கடிதத்தோடு வருகிறது. உன் ஆய்வுக்கூடத்தில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டு வை, சுழல்வதாக இருக்கட்டும். பதினான்கு பிள்ளைகளும் இப்போது நடைவழியில் ஒருவர் மேல் ஒருவர் கால் போட்டுத் தூங்குகிறார்கள், உன் பதில் நல்லபடியாக வந்தால் அடுத்த திங்கட்கிழமையே அறை திறக்கும் என்று அம்மா பெற்றோர்களிடம் சொல்லியாயிற்று. அப்பாவோ இந்தக் கடிதம் கிளம்பும் முன்பே தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டால் இழைப்புளியைக் கீழே வைத்துவிடுகிறார்.

அம்மாவின் கட்டளைகள்: உன் அறைக்குப் புது பெயிண்ட் அடித்திருக்கிறார்களாமே, சன்னலைத் திறந்து வை, ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு நீ மூடிக்கொண்டு தூங்காதே. ஞாயிற்றுக்கிழமை போன் செய், அப்பாவிடம் முதலில் பேசு. எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நோய்நொடி இல்லாமல் நீ நிறைந்து வாழ வேண்டும்.

உன் பேரைச் சொல்லியே பொழுதைப் போக்கும்
அம்மா, அப்பா

அக்கா, அம்மா உள்ளே போய்விட்டாள். இது என் சொந்தச் சொல். இந்த முறை நீ அனுப்பிய பெட்டியில் இரண்டு வில்லைகள் இருந்தன. இரண்டாவதை உறை பிரிக்காமல் அப்படியே திருப்பி அனுப்பு, வழியில் வேறெந்த வாயுவும் ஒட்டவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி என்று நீ எழுதியிருந்தாய். நான் அதைப் பிரித்துச் சட்டையில் குத்திக்கொண்டு, காற்று அதிகாரி வருகிறார், எல்லாரும் மூச்சைப் பிடியுங்கள் என்று தெருவெல்லாம் சுற்றினேன். அப்பா பசை தடவிக்கொண்டிருந்த முற்றத்துக்கும் போனேன். பிறகு உறைக்குள் போட்டு டேப் ஒட்டிவிட்டேன். சாட்சியைக் கெடுத்தவன் நான்தான், இரண்டையும் தூக்கிப் போட்டுவிடு. திங்கட்கிழமை அறை திறக்காது என்று அம்மாவிடமும் அப்பாவிடமும் இப்போதே போய்ச் சொல்லப்போகிறேன். புதிதாக இரண்டு அனுப்பு. உறையின் மேல் அப்பா பேரை எழுது.

வாலு