ஒரு பொத்தான் நேரம்

மார்ச் 4
அம்மாவுக்குச் சட்டை போட்டுவிட்டேன். அவள் விரல்கள் மடங்கியபடியேதான். தோலை இறுக்கும் இந்த நோய் நுரையீரலுக்குள்ளும் இறங்கிய பிறகு நான் பள்ளிக்குப் போகவில்லை. யாரும் நிற்கச் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. நாளை ஸ்கேன். மாத்திரை கேட்கிறதா என்று அதில் தெரியுமாம்.

மார்ச் 5
வெளியே உட்கார்ந்திருந்தேன். உள்ளே மெஷினின் குரல்: "மூச்சை நல்லா இழுங்க. பிடிங்க." திரும்பும்போது அம்மா என் காதில் சொல்லிச் சிரித்தாள். "இருமல் முட்டிக்கிட்டு வந்துச்சுடி, மெல்ல மூச்சை விட்டுட்டேன். பிடிச்சீங்களான்னு ஸ்கேன் எடுக்கிற பொண்ணு கேட்டுச்சு. தலையாட்டிட்டேன். இல்லன்னா மறுபடி படுக்க வெப்பா." நானும் சிரித்தேன்.

மார்ச் 6
அலுப்பு. துணி துவைக்கவில்லை.

மார்ச் 11
டாக்டர் திரையில் இரண்டு படங்களைக் காட்டினார். கறுப்பு என்றால் காற்று. போன வருடப் படத்தில் அடியில் மட்டும் வெள்ளையாக, புகை படிந்தாற்போல. புதியதில் பாதிவரை ஏறியிருந்தது. "மாத்திரை கேக்கல. வெள்ளிக்கிழமை ஊசி ஆரம்பிச்சிடலாம். கொஞ்சம் கடுமையான மருந்துதான்." கூட வந்திருந்த மாமா, அம்மாவின் தம்பி, சரி சரி என்றார். அம்மா தரையைப் பார்த்தாள்.
அன்றைக்கு அம்மா காற்றை வெளியே விட்டுவிட்டாளே, பிறகு கறுப்பு எப்படி இருக்கும்? கேட்க நினைத்தேன். அதற்குள் வாசலுக்கு வந்துவிட்டோம் —
ராத்திரி என்னையே திட்டிக்கொண்டேன்: ஏன் கேக்கல? சிரிப்பாங்கன்னா? சிரிச்சா செத்தா போயிடுவே?

மார்ச் 12
"மூச்சை விட்டத டாக்டர்கிட்ட சொல்லித் தொலைக்காதே, திட்டுவாங்க" என்றாள் அம்மா. மாமாவிடம் சொன்னேன். "ஊமைக்கோட்டான் வாயத் திறந்துடுச்சா! நீயே வந்து சொல்லு. நான் சொன்னா உளறிடுவேன்."

மார்ச் 14
சொல்லிவிட்டேன். மேசையிலிருந்த பேனா மூடியைப் பார்த்தபடி. "அம்மா மூச்சைப் பிடிக்கல மேடம். விட்டுட்டாங்க."
டாக்டர் சிரிக்கவில்லை. படத்தைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "ஆமா, மூச்சுக்குழாய் தட்டையாத்தான் இருக்கு. மூச்சை விட்டா இப்படி ஆகும், வெள்ளையும் கூடுதலாத் தெரியும். நான் கவனிச்சிருக்கணும்." பிறகு அம்மாவிடம், "என்னம்மா, எங்களையே ஏமாத்திட்டீங்களே!"
அம்மா என் தொடையைக் கிள்ளப் பார்த்தாள். அந்த விரல்களால் கிள்ள வரவில்லை.
மறுபடி ஸ்கேன். அதுவரை ஊசி வேண்டாம், மாத்திரையே போதுமாம்.

மார்ச் 17
காலையில் பழக்குகிறேன். நான் ஒரு பொத்தானை மாட்டி முடிக்கும்வரை அம்மா மூச்சைப் பிடிக்க வேண்டும். "சீக்கிரம் போடுடி, போய்ச் சேர்ந்துடப் போறேன்." வேண்டுமென்றே மெதுவாக மாட்டினேன். இருமிவிட்டாள். நாளைக்குப் பார்க்கலாம்.

மார்ச் 24
ஸ்கேன் முடிந்தது. "பிடிச்சேன்டி. உன் மேல சத்தியமா."

மார்ச் 29
புதுப் படத்திலும் வெள்ளை இருக்கிறது. போன வருடம் இருந்த அதே இடத்தில். ஏறவில்லை, குறையவும் இல்லை. "மாத்திரை கேக்குது. இதையே தொடரலாம்" என்றார் டாக்டர். போனது திரும்புமா என்று அம்மா கேட்டாள். "அது கஷ்டம்மா. இருக்கிறதக் காப்பாத்திக்கலாம்."
மாமாவுக்கு முகம் தொங்கிவிட்டது. "இவ்வளவு அலைஞ்சது அப்படியே இருக்குன்னு கேக்கத்தானா?"
"இருந்துட்டுப் போகட்டுமே, உனக்கென்னடா" என்றாள் அம்மா.

மார்ச் 30
பொத்தானில் கை வைத்ததும் அம்மா பழக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.
"விடும்மா" என்றேன்.
விட்டாள். மீதிப் பொத்தான்களை நிதானமாக மாட்டினேன்.