டெலோஸ் மதிலில் உன் பெயர் இல்லை

என் உயிரான சுதன் மச்சானுக்கு,

டேய், போய்விட்டேன், டெலோசுக்கே போய்விட்டேன், சிட்னி ஸ்ட்ராத்ஃபீல்ட் ஸ்டேஷனில் வந்த ரயிலையெல்லாம் விட்டுவிட்டு நாம் வீடியோவில் பார்த்த அதே கிரேக்கத் தீவில் என் கால் பட்டுவிட்டதடா!

ஆனால் சந்தோஷமாக எழுத வரவில்லை.

வழி நீ சொன்னதுதான். சிட்னியிலிருந்து ஏதென்ஸ், அங்கே துறைமுகத்தில் மிக்கோனோஸ் தீவுக்குக் கப்பல், பிறகு சின்னப் படகில் அரை மணி நேரம். பலமான காற்றென்றால் படகு ஓடாது. இரவு தங்கவும் விடமாட்டார்கள்.

அப்பல்லோ பிறந்த இடமென்று சனம் கும்பிட்ட மண்ணடா அது. ஒருத்தி தூணைக் கட்டிப்பிடித்து ரீல் எடுக்கிறாள். ஒருவன் கோயில் கல்லில் ஏறியிருந்து சிப்ஸ் தின்றுவிட்டு, எண்ணெய்க் கையை அதிலேயே துடைக்கிறான். சீ!

ஆஸ்பத்திரியில் நீ விட்ட பகிடி நினைவிருக்கிறதா? அந்தத் தீவில் யாரும் சாகக்கூடாது என்று அந்தக் காலத்து ஏதென்ஸ்காரர் சட்டம் போட்டு, பழைய எலும்புகளையும் தோண்டிப் பக்கத்துத் தீவுக்கு அனுப்பினார்களே. "என்னை அங்க கொண்டுபோய் விடு மச்சான், சாக விடமாட்டாங்கள்" என்றாய். பிறகு சிரிக்காமல் கேட்டாய்: "ஏலாட்டி, என்ர பெயரையாவது ஒரு கல்லில கீறிப்போட்டு வா."

நீ கண்மூடிய பிறகு, அதற்காகத்தான் போனேன். மிக்கோனோஸில் வாங்கிய ஆணி பொக்கற்றில் இருந்தது.

ஒரு மதிலோரம் ஒருவர் குந்தியிருந்து கார்ச் சாவியால் கீறிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மனைவி. "கெதியா எழுதுங்கோப்பா, படகு போகப்போகுது. பிள்ளையின்ர பெயர் வடிவா வரவேணும்."

தமிழ்! நான் திரும்பிப் பார்த்ததும் அவர் சிரித்தார். "தம்பியும் தமிழோ? நாங்கள் மெல்பேர்ன், டண்டினொங். உங்கட பெயரையும் போடட்டோ? இஞ்சால இடம் கிடக்கு."

சாவியை நீட்டினார். நுனியில் வெள்ளைத் தூள்.

"இதென்ன உங்கட வீட்டு மதிலோ அண்ணை?"

"ஏன் தம்பி கத்துறீர்? எல்லாரும்தானே எழுதியிருக்கினம்."

எழுதித்தான் இருந்தார்கள். என் விரலும் ஆணியில்தான் இருந்தது. அவரைவிட என்மேல்தான் அருவருப்பு வந்தது. உன்மேலும் கொஞ்சம். ஏன்டா அப்படிக் கேட்டாய்?

நான் கீறவில்லை.

சிட்னிக்குத் திரும்பியதும், கிரவீன் வீட்டில் உன் அம்மா, கல்லில் உன் பெயர் கீறிய படத்தைக் காட்டச் சொன்னா. "எழுதேல்லை அன்ரி" என்றேன். "அவன் கேட்டது அது ஒண்டுதானேடா" என்றுவிட்டுக் குசினிக்குள் போனவ, நான் வெளிக்கிடும்வரை வெளியே வரவேயில்லை. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் மச்சான்?

இந்தக் கடிதத்தை ஃபேஸ்புக்கில்தான் போடுகிறேன். இதை வாசிக்கிறவர்களே, கீழே கொமென்டில் 'சுதன்' என்று எழுதுங்கள். தெரிந்த எல்லோருக்கும் அனுப்பி எழுதச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை போனை அன்ரியின் கையில் கொடுக்கப்போகிறேன். இழுக்க இழுக்க அவன் பெயர் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

மச்சான், முதல் ஆளாக நான் எழுதிவிட்டேன். அன்ரி என்னோடு கதைக்கும்வரை ஒவ்வொரு ஞாயிறும் அந்த வீட்டுக்குப் போவேன். சத்தியம்.

உன் அம்மாவுக்கு இன்னும் ஒரு பிள்ளையாக இருக்கப் பார்க்கும்,
உன் மச்சான் நிரு