புத்தகத்தில் இருக்கிறது என்று நான் சொன்னது

செப்டம்பர் 4, புதன்

புழுக்கம். ஏரிப் பக்கமிருந்து காற்றே இல்லை. பொன்னேரி பஸ்ஸில் நின்றபடி படித்தேன், ஒன்றும் மண்டையில் ஏறவில்லை.

இந்த செமஸ்டருக்கு: சிந்து சமவெளி, வேத காலம், மௌரியர், குப்தர். தமிழக வரலாறு தனிப் பேப்பர், அதில் டச்சுக்காரர் வரை. ஆளாளுக்கு ஒரு பாராதான். சந்திரகுப்தர் மூன்று பேர், ஒருவர் மௌரியர், இரண்டு பேர் குப்தர். இவருக்கு எழுத வேண்டியதை அவருக்கு எழுதி ஐந்து மார்க் போச்சு. வேறு பேரே கிடைக்கவில்லையா இவர்களுக்கு?

மேடம் அசைன்மென்ட் கொடுத்தார். உள்ளூர் வரலாறு. இரண்டு பேருக்கு ஒன்று. எனக்கு ரேவதி. லைட்ஹவுஸ் குப்பத்துக்காரி, முதல் நாளிலிருந்து என் பெஞ்ச். "சான்று இருந்தா வரலாறு. இல்லன்னா கதை" என்றார் மேடம். எழுதிக்கொண்டேன். புரிந்ததா என்றால் இல்லை.

ஷாம்பு தீர்ந்துவிட்டது.

செப்டம்பர் 6, வெள்ளி

கல்லூரிக்குப் போகவில்லை. அம்மா காலையிலேயே திரும்பிவிட்டாள். பறி காலி.

அம்மா ஏரியில் கழுத்தளவு தண்ணீரில் தவழ்ந்து, கையால் சேற்றைத் தடவி எறா, அதாவது இறால், பிடிப்பவள். பனையோலைப் பறியை வாயில் கவ்விக்கொள்வாள், பிடித்ததை அதில் போடுவாள். வலைக்காரர்களுக்குப் பாடு உண்டு. எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை போடலாம் என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். எங்களுக்குப் பாடு கிடையாது. கை படுகிற இடம்தான்.

முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஆழம் குறைந்த மணல் திட்டில் எங்கள் பெண்கள் தண்ணீரைக் கலக்குகிறார்களாம், வலைக்கு எறா வரவில்லையாம். இனி வரக்கூடாது என்று வலைக்காரர்கள் விரட்டிவிட்டார்கள். இப்போது அந்தத் திட்டை விட்டால் எறா கிடைக்கிற இடம் வேறு இல்லை. எங்கள் சோறு அது. என் பஸ் காசு அது.

அம்மா அழவில்லை. பறியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். 

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசப்போகிறார்கள். பக்கத்து வீட்டு மல்லிகாக்கா வந்தாள். "இன்னாடி, நீதான் சரித்திரம் படிக்கிறியே. ஏரிக்கு மொதல்ல வந்தது யாரு? அவங்களா, நாமளா?"

எனக்கு எப்படித் தெரியும்? தேடினேன். எங்கள் பழவேற்காட்டுக்குப் பாடப் புத்தகத்தில் இரண்டு வரிதான். டச்சுக்காரர் வந்தனர், கோட்டை கட்டினர், துணி வாணிபம் செய்தனர். யாரும் எறா பிடிக்கவில்லை. ஹரப்பாவிலிருந்து திரும்பவும் புரட்டினேன். தலை வலி.

செப்டம்பர் 8, ஞாயிறு

மழை வருகிற மாதிரி இருந்து வரவில்லை.

இன்று நடந்ததை எழுதிவிடுகிறேன். வலைக்காரர்கள் பக்கம் ரேவதியின் அப்பா, அவள் நைனாதான் பேசினார். நல்ல மனுஷன், குரல் உயர்த்தவில்லை. "எங்க தாத்தனுக்குத் தாத்தன் காலத்துலேர்ந்து பாடு இருக்குது. நீங்க எப்ப வந்தீங்க?" எங்கள் பெண்கள் ஒருத்தி மூஞ்சியை ஒருத்தி பார்த்தார்கள். அம்மா என்னைப் பார்த்தாள்.

எனக்கு வாய் அடங்காது என்று சும்மாவா திட்டுகிறார்கள். எழுந்தேன். "டச்சுக்காரன் காலத்துலயே இந்த ஏரியில கையால எறா பிடிச்சது எங்க ஆளுங்கதான். புஸ்தகத்துல போட்டிருக்குது. காலேஜு புஸ்தகம்!"



ரேவதி நைனா யோசித்தார். "படிச்ச பொண்ணு சொல்லுது. புஸ்தகத்துல பொய்யா போடுவான்? அடுத்த பாடு சீட்டு போடற வரைக்கும் பொம்பளைங்க திட்டுல பிடிக்கட்டும்."

மல்லிகாக்கா எனக்கு திருஷ்டி கழித்தாள். அம்மா நிமிர்ந்து நடந்தாள். அவர்கள் பக்கத்தில் ரேவதியும் நின்றிருந்தாள். அவளிடமும் அதே புத்தகம் இருக்கிறது.

செப்டம்பர் 9, திங்கள்

வெயில். 

பெஞ்சில் நடுவில் பையை வைத்திருந்தாள் ரேவதி. "எந்தப் பக்கம்டி? காட்டு."

புத்தகத்தைப் பைக்குள் தள்ளினேன். பிறகு கோபம் வந்தது. "உங்க நைனா சொன்னதுக்கு மட்டும் சான்று இருக்குதா?"

"இல்ல. ஆனா அவரு புஸ்தகத்துல இருக்குதுன்னு சொல்லல."

 மதியம் வரை யோசித்தேன். எங்கள் ஆட்கள் உண்மையிலேயே அப்போது இருந்திருந்தால்? இல்லை என்றும் புத்தகம் சொல்லவில்லையே. அப்படியானால் நான் சொன்னது பொய்யா, இல்லையா? மேடத்திடம் கேட்கலாம். எப்படிக் கேட்பது?

அம்மா இன்று பறி நிறையக் கொண்டுவந்தாள். பெரிய எறா. தின்றேன். ருசியாகத்தான் இருந்தது, அதுவும் கஷ்டமாக இருந்தது.

செப்டம்பர் 12, வியாழன்

காற்று பலம். மேடம் எங்கள் ஊருக்கே வந்துவிட்டார், அசைன்மென்டுக்குப் பெண்களிடம் பேச. நானும் ரேவதியும் கூட.

மல்லிகாக்கா ஆரம்பித்தாள். "டச்சுக்காரன் காலத்துலேர்ந்து நாங்கதாம்மா." இன்னொருத்தி: "கோட்டைக்கார தொர எங்க ஆயாவுக்கு ஆயாகிட்டதான் எறா வாங்குவானாம். துட்டுக்குப் பதிலா துணி குடுப்பானாம்." ஐயோ, துரையை நான் சொல்லவே இல்லை! துணியும் எங்கிருந்து வந்தது? என் இரண்டு வரியிலிருந்தா? அவர்கள் முகத்தில் பொய் சொல்கிற களையே இல்லை. ஒருவேளை ஆயா நிஜமாகவே சொல்லியிருக்கிறாளா? எது முன்னால், எது பின்னால், எனக்கே குழம்பிப்போச்சு.

மேடம் வேகவேகமாக எழுதினார். "வாய்மொழிச் சான்றும்மா இது! எத்தனை தலைமுறையா சொல்றாங்கன்னு மட்டும் கேட்டு எழுதுங்க."

ரேவதி கடைசி வரை வாய் திறக்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் கேட்டேன், ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்று.

"நான் சொன்னா திட்டு போயிடும். அந்தப் பாவம் எனக்கு எதுக்கு? நீ சொல்லு, இல்ல சொல்லாத. ஆனா பொய்ய எழுதி அதுல என் பேரப் போட மாட்டேன்."

செப்டம்பர் 14, சனி

மேகமூட்டம். திங்கட்கிழமை அசைன்மென்ட் கொடுக்கணும். தலைப்பு மட்டும் எழுதியிருக்கிறேன். கீழே ஒரு பெயர்தான், என்னுடையது.

சாயங்காலம் அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. "அந்தப் பக்கத்தக் காட்டு. நம்ம ஆளுங்க எங்க இருக்கறாங்கன்னு பாக்கறேன்."

எடுத்தேன். அந்த இரண்டு வரியைக் காட்டினேன். எறா குத்திக் குத்தித் தழும்பான விரலை அதன்மேல் வைத்தாள். மெதுவாக, கிழிந்துவிடும் என்கிற மாதிரி.

"இதுல நாம எது?"

என்னால் முடியவில்லை. "இல்லம்மா. இதுல நாம இல்ல. நானாத்தான் சொன்னேன்."

திட்டுவாள், அடிப்பாள் என்று இருந்தேன். விரலை எடுக்காமலே கேட்டாள்.

"சரி. அப்போ காலைல நான் திட்டுக்குப் போவட்டா, வேணாமா?"