ஒரே ஜக், நான்கு அறைகள்

மார்ச் 4

மேற்குப் பிரிவில் இது மூன்றாவது ஆள். ஆறாம் அறைக் கணக்கு வாத்தியார். போன வாரம்வரை, "ரெண்டு மாத்திரையா? என் கணக்குல ஒண்ணரைதான்" என்று வம்பிழுத்தவர். இன்று காய்ச்சலில் கண் திறக்கவில்லை. சிறுநீர்ச் சோதனையில் மற்ற இருவருக்கும் வந்த அதே முடிவு: வழக்கமான ஆன்டிபயாடிக் எதற்கும் மசியாத கிருமி. இந்த முதியோர் இல்லத்தில் தொற்றுத் தடுப்புக்குப் பொறுப்பு நான். என்ன பொறுப்பு!

மார்ச் 5

வாத்தியாரின் மகள் வந்தார். "மத்தவங்களுக்காவது முன்கூட்டியே மருந்து போட்டுடலாமே?" டாக்டர் தலையாட்டி மறுத்தார். "நோயில்லாதவங்களுக்குக் கொடுத்தா, கிருமிக்குத்தாம்மா டானிக்."

கழுவிக் கழுவிக் கையில் தோல் உரிகிறது. வீட்டுக்காரர் என் கையைத் தொட்டுப் பார்த்து, "உப்புத்தாளா இது?" என்றார். சிரிப்பு வரவில்லை. கிருமி அறைக்கு அறை எப்படிப் போகிறது? யார் கையில்?

மார்ச் 7

காலை முழுக்க மேற்குப் பிரிவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். பராமரிப்பாளர் அக்கா அறைக்கு அறை கையுறை மாற்றினார், கை கழுவினார். குறை சொல்ல இடமில்லை. பிறகுதான் கண்ணில் பட்டது — சிறுநீர்க் குழாயில் மாட்டிய பையை வடித்து அளக்கும் ஜக். ஐந்தாம் அறையிலிருந்து ஆறு, ஏழு, எட்டு. நடுவில் குழாயடியில் ஓர் அலசு.

"ஆளுக்கொண்ணு இல்லையாக்கா?"

"நீங்கதானே சிஸ்டர் சொன்னீங்க, அலமாரில இடமில்ல, ஒண்ணு போதும்னு."

நான்தான். போன வருஷம். மறந்தே போச்சு.

மார்ச் 8

ஆளுக்கொரு ஜக் வைத்தாயிற்று. பழையதைச் சோதனைக்கு அனுப்பினேன்.

மார்ச் 10

பழைய ஜக்கிலும் அதே கிருமி. மேலாளர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "அதான் மாத்தியாச்சே, விடுங்க. நம்ம தலையில நாமளே மண்ணை வாரிப் போட்டுக்கணுமா?"

அறிக்கையில் எழுதிவிட்டேன். யார் சொல்லி ஒரே ஜக் ஆனது என்பதையும்.

மார்ச் 11

கிருமி வாத்தியாரின் ரத்தத்தில் கலந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ஆம்புலன்ஸ் கிளம்புமுன் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நம்பித்தானே விட்டுட்டுப் போனோம்."

அவ்வளவுதான் சொன்னார். அடித்திருக்கலாம்.

ஏன் சொன்னேன்? அவருக்காகவா, என் பாரம் இறங்கவா? இறங்கல. வேலை போனா போகட்டும் — ஐயோ, போயிட்டா வேற என்ன தெரியும் எனக்கு?

மார்ச் 16

டாக்டரோடு கட்டில் கட்டிலாகப் போனேன். "இவங்களுக்கு இந்தச் சிறுநீர்க் குழாய் இன்னும் எதுக்கு?" ஒன்பது பேரில் ஐந்து பேருக்குத் தேவையே இல்லை. எடுத்துவிட்டோம். எட்டாம் அறைப் பெரியம்மா அக்காவைப் பிடித்தபடி கழிவறைவரை நடந்து திரும்பினார். "வெளியூர் போயிட்டு வந்த மாதிரி இருக்குடி!"

மார்ச் 24

புதிதாக யாருக்கும் தொற்று இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தகவலும் இல்லை. போன் அடிக்கும்போதெல்லாம் நானே ஓடிப்போய் எடுக்கிறேன்.

ஏப்ரல் 6, சனி

மதியம் வாத்தியாரின் மகள் வந்தார். மேலாளரிடம் போகவில்லை, நேரே என்னிடம். எழுந்து நின்றேன்.

வேறு இல்லம் பார்க்கப் போனாராம். "எங்ககிட்ட அந்தக் கிருமியே கிடையாதுன்னாங்க. கடைசியா எப்போ சோதிச்சுப் பாத்தீங்கன்னு கேட்டேன். சோதிச்சதே இல்லையாம். நீங்களாவது தேடிப் பாத்துச் சொன்னீங்க." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "அப்பா தேறிட்டார். திங்கக்கிழமை இங்கேயே கூட்டிட்டு வரேன். கோபம் போயிடுச்சுன்னு நெனைக்காதீங்க, சிஸ்டர்."

"நெனைக்கலம்மா."

ஆறாம் அறைக் கட்டிலை ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் போட்டேன்.