வாசலில் விட்ட வசவுகள்

4 பெப்ரவரி, செவ்வாய்

தூறல். ஹீட்டர் மறுபடி வேலை செய்யவில்லை. கவுன்சிலுக்குப் போன் எடுக்க வேண்டும். பால், வெங்காயம், பிரின்டர் மை.

சொலிசிட்டரின் ஈமெயில். கு.வின் வழக்கு பற்றி. கு. கிர்கிஸ்தான்காரி, சாண்ட்விச் தொழிற்சாலையில் வெள்ளரிக்காய் வெட்டுகிறவள். ரஷ்யன் பேசும் சூப்பர்வைசர் அவளுக்கு அனுப்பிய பதினொரு குரல் செய்திகளைப் போன மாதம் நான்தான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். எதிர்த்தரப்பு அதைப் படித்துவிட்டு, 'வேலைத்தளத்தில் வழக்கமான எரிச்சல், இதற்கா வழக்கு' என்கிறதாம். மொழிபெயர்ப்பு சரிதான் என்று நான் வெள்ளி ஐந்து மணிக்குள் உறுதிப்படுத்த வேண்டும். இப்படியே இருந்தால் வழக்கு நிற்காது என்கிறார்.

எழுதியதை எடுத்துப் பார்த்தேன். முட்டாள். சோம்பேறி. நல்லவள் அல்ல. ஞாயிறு பூசையில் வாசகம் வாசிக்கிற பெண்மணி திட்டினால் இப்படித்தான் திட்டுவாள்.

ரஷ்யனில் இருந்தது அது இல்லை. தெரியாமல் எழுதவில்லை. தெரிந்தே எழுதினேன், அந்தச் சொற்களைத் தாளில் வைக்க மனம் வராமல். அடியில் 'உண்மையானது, முழுமையானது' என்று கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

தேநீர் ஆறிவிட்டது.

5 பெப்ரவரி, புதன்

வெயில், ஆனால் குளிர். நாள் முழுவதும் ஹெட்போன். அந்த ஆளின் குரல் காதுக்குள்ளேயே குடியிருக்கிறது.

இலக்கம் 1: தூரா. மடைச்சி. போகட்டும், இது சரி.
இ. 4: த்வார். 'பிராணி' என்று எழுதியிருக்கிறேன். பூனைக்குட்டியைச் சொன்னதுபோல.
இ. 6, 9: பெண்களைச் சொல்வது. இரண்டையும் 'மோசமான பெண்' என்று முடித்துவிட்டேன். வெட்கக்கேடு.
இ. 7: இதை இங்கேயும் எழுதமாட்டேன். மத்திய ஆசியாவிலிருந்து வந்தவர்கள் மேல் எறிகிற சொல். எங்களைப்போல் கறுத்தவர்கள் மேலும் எறிவார்கள். நான் எழுதியது: 'படிப்பறிவில்லாதவள்'.

ரஷ்ய வசவுகளை மொஸ்கோவில் ஹொஸ்டல் சமையலறையில் கற்றேன், என்ஜினியரிங்கோடு சேர்த்து. ஆங்கிலம் படிவங்களிலும் கோயிலிலும் கற்றது. அகராதி ஆங்கிலச் சொல்லைத் தருகிறது, அது எவ்வளவு வலிக்கும் என்று தரவில்லை. யாரைக் கேட்பது? பங்குத்தந்தையையா?

அண்ணை! இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டுகிறார்.

உறுதிப்படுத்திவிட்டுப் பேசாமல் இருந்தால் என்ன என்றும் யோசித்தேன். வெகுநேரம் யோசித்தேன்.

6 பெப்ரவரி, வியாழன்

அப்டன் பார்க், அண்ணை வீடு. ரயிலில் நின்றுகொண்டே போனேன். அண்ணைக்கு நாலு மணி ஷிப்ட். மச்சாள் மீன் பொரித்துக்கொண்டிருந்தார். கதவைச் சாத்திவிட்டு அண்ணையிடம், வசவுகளின் பொருளைத் தமிழில் எழுதிய பட்டியலைக் கொடுத்தேன்.

கண்ணாடியைப் போட்டு, பஸ் தரிப்பிடங்களைச் சொல்வதுபோல ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலச் சொல்லைச் சொன்னார். என் காது சுட்டது. எழுதினேன்.

"இது குடிகாரர் சொல்லுறது பிள்ளை. இறங்கேக்கை தாங்க்யூவும் சொல்லுவினம். கணக்கிலை எடுக்காதை."

"அப்ப ஆறாவதுக்கு?"

"அவன் கத்திச் சொன்னவனோ, மெதுவாச் சொன்னவனோ?"

"மெதுவா."

"மெதுவாச் சொல்லுறதுதான் வேணுமெண்டு சொல்லுறது. ட்ரைவர் சீற்றுக் கண்ணாடிக்குக் கிட்ட வந்து சொல்லுவினம். இதைப் போடு." சொன்னார். "ஏழாவதுக்கு இது. இதைவிடக் குறைச்சு எழுதாதை."

கதவு திறந்திருந்தது. மச்சாள், கையில் அகப்பை.

"உங்களுக்கு உதெல்லாம் ஆர் சொல்லித் தந்தது?"

"பஸ்ஸிலை ஏறுற சனம்."

"உங்களுக்கோ சொன்னவை?"

"பின்னை ஆருக்கு?"

"எனக்கு ஒரு நாளும் சொல்லேல்லையே."

"சொல்லி என்ன செய்யிறது? வாசலோடை விட்டிட்டு வாறனான்."

மச்சாள் அடுப்பை நிறுத்திவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். மீனை யாரும் சாப்பிடவில்லை. அண்ணை நேரத்துக்கு ஷிப்டுக்குப் போனார்.

திரும்பும் வழி முழுக்க அதே நினைப்பு. அண்ணை தன்னுடையதை வாசலில் விட்டார். அது அவர் பாடு. நான் கு.வுடையதையும் சேர்த்தல்லவா விட்டிருக்கிறேன். அவளைக் கேட்காமலே.

7 பெப்ரவரி, வெள்ளி

காற்று. பின்வீட்டு வேலி விழுந்துவிட்டது. 3.40க்கு சொலிசிட்டருக்கும் மொழிபெயர்ப்பு ஏஜென்சிக்கும் அனுப்பினேன். பதினொன்றில் எட்டைத் திருத்தி, கூடவே ஒரு கடிதம்: பொருள் தெரிந்தே குறைத்து எழுதினேன், பிழை என்னுடையது.

ஐந்து நிமிடத்தில் சொலிசிட்டர் போனில். இதை மறைக்க முடியாது, எதிர்த்தரப்புக்கும் கொடுக்க வேண்டும், உங்களுக்கு என்ன ஆகும் என்று விளங்குகிறதா என்று கேட்டார். "ஓம்" என்று தமிழில் சொல்லிவிட்டேன்.

4.55: ஏஜென்சியின் ஈமெயில். விசாரணை முடியும்வரை எனக்கு வேலை இல்லை. அவர்களிடம் பதினேழு வருஷம். அரிசி கழுவினேன்.

9 பெப்ரவரி, ஞாயிறு

பூசை. வாசகம் வாசித்தேன், தடக்கவில்லை. வெளியே எல்லோரும் "என்ன சோர்ந்துபோய் இருக்கிறியள்" என்றார்கள். தடிமன் என்றேன். பார், மறுபடியும் குறைத்துச் சொல்கிறேன்.

மூன்று மணிக்குக் கு. போன் எடுத்தாள். ரஷ்யனில் பேசினோம். பழைய தாளை வேலையிடத்தில் ஒரு சிநேகிதிக்குக் காட்டினாளாம். 'இவ்வளவுதானா?' என்று அவள் சிரித்தாளாம். அன்றிலிருந்து, தான்தான் தொட்டாற்சுருங்கியோ என்று நினைத்தாளாம். நேற்றுப் புதியதைக் காட்டினாள். சிநேகிதி சிரிக்கவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். ஏழாவதற்குச் சரியான சொல்லை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றாள்.

"அண்ணனிடம் கேட்டேன். ஆனால் அது எவ்வளவு வலிக்கும் என்று முன்னமே தெரியும். மொஸ்கோவில், ட்ராமில், எனக்குச் சொன்னார்கள். இருபது வயது. இறங்கி மிச்சத் தூரம் நடந்தேன்."

கு. கேட்டாள்:

"வீட்டில் யாருக்காவது சொன்னீர்களா?"

இல்லை என்றேன். போனை வைத்துவிட்டு அண்ணைக்கு எடுத்தேன். இன்று அவருக்கு லீவு.

"என்ன பிள்ளை, இன்னொரு சொல்லோ?"

ஓம் என்றேன்.