கட்டைவிரல் எட்டும் தூரம்

ஆல்பைன், டெக்சஸ்
4 மார்ச் 1974

அன்பு அண்ணா,

நீயும் அண்ணியும் சுகம்தானே? அண்ணி அனுப்பிய பீச் பழ ஜாம் உடையாமல் வந்து சேர்ந்தது. ஒரு பாட்டிலை நானே கரண்டி போட்டுத் தின்று தீர்த்தேன் என்று அவளிடம் சொல்லு, சிரிப்பாள். இங்கே பொட்டு மழை இல்லை. கன்றுகள் எலும்பும் தோலுமாக நிற்கின்றன.

ஒரு வேலை வைக்கிறேன், மாட்டேன் என்று சொல்லிவிடாதே. அப்பா எனக்கு விட்டுப்போன ரிவால்வரின் கைப்பிடி பிளந்துவிட்டது. உன் மாப்பிள்ளை ராய்ஸ் ஏதோ கோபத்தில் சுவரில் எறிந்தார். அது அப்பாவின் கைக்குச் செய்தது, எனக்கு எப்போதுமே பெரிது. அந்தப் பழைய மாடலில் ஒவ்வொரு தடவையும் பின்பக்கத்துச் சுத்தியைக் கட்டைவிரலால் இழுத்தால்தான் வெடிக்கும். அப்பாவின் கைப்பிடியைப் பிடித்தால் என் கட்டைவிரல் சுத்திக்கு எட்டவே எட்டாது.

அதனால் என் கைக்கு ஒரு புதுக் கைப்பிடி செய்துகொடு. மளிகைக்கடைப் பையைக் கிழித்து, கையை அதன்மேல் வைத்து, சுற்றிப் பென்சிலால் வரைந்து வைத்திருக்கிறேன். கைப்பிடி உட்காரும் சட்டத்தையும் திருகு கழற்றி அனுப்புகிறேன். அது திரும்பி வரும்வரை என்னிடம் இருப்பது வெறும் இரும்புதான். கொட்டகைப் பக்கம் பாம்பு நடமாட்டம் அதிகம், ஆகவே சீக்கிரம்.

போன் பண்ணாதே. இங்கே ஆறு வீட்டுக்கும் ஒரே லைன், ஆறு வீட்டுக் காதுகளும் அதில் இருக்கின்றன. ராய்ஸிடமும் சொல்லவேண்டாம். பார்சலைத் தபாலாபீசில் நானே வாங்கிக்கொள்கிற மாதிரி அனுப்பு.

உன் தங்கை
ஒலீட்டா


வில்காக்ஸ், அரிசோனா
13 மார்ச் 1974

செல்லத் தங்கச்சிக்கு,

உங்கள் ஊர்ப் பாம்பு காலண்டர் பார்க்காதோ? குளிர் விடுவதற்கு முன்னாலேயே கிளம்பிவிட்டதே! போகட்டும், உனக்குச் செய்யாமல் வேறு யாருக்குச் செய்யப்போகிறேன்.

மான்கொம்பு பார்க்க ஜோராக இருக்கும், ஆனால் உன் சின்னக் கைக்கு ஆகாது. இழைத்து மெலிசாக்கினால் உள்ளே இருக்கிற சொத்தை எலும்பு பல்லைக் காட்டும். வால்நட் கட்டை இருக்கிறது. அதைவிட நல்லதாகக் கருவேலக் கட்டை இருக்கிறது. போன வருஷம் வேட்டைக்கு வந்தபோது மாப்பிள்ளை வண்டி நிறையக் கொண்டுவந்து இறக்கினாரே, அதுதான். நிழலில் காய்ந்து கல்லாகக் கிடக்கிறது. அப்போது அவர் துப்பாக்கிக்கும் ஒரு கைப்பிடி செய்து கொடுத்தேன். அவர் கை வரைந்த காகிதம் இன்னும் பட்டறைச் சுவரில் தொங்குகிறது. அம்மாடி, கையா அது, மண்வெட்டி!

உன் படத்தில் ஒரு சந்தேகம். சுண்டுவிரல் ஏன் வெளிப்பக்கமாகக் கோணிக்கொண்டு போகிறது? பென்சில் வழுக்கிவிட்டதா? துப்பாக்கி உதைக்கும்போது அடியில் தாங்குவது சுண்டுவிரல்தான். சரியாக வரைந்து அனுப்பு.

உன் அண்ணி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, "பென்சில் வழுக்கினா கோடுதாங்க கோணும். இங்க விரலே கோணியிருக்கு" என்கிறாள். அவளுக்கு எதிலும் ஒரு குறை கண்டுபிடிக்கவேண்டும்.

பிரியத்துடன்
டாய்ல்


ஆல்பைன்
21 மார்ச் 1974

அண்ணா,

பென்சில் வழுக்கவில்லை. அண்ணி கண் தப்பாது. கதவிடுக்கில் என் கையை வைத்து ராய்ஸ் அழுத்தினார், எலும்பு தானாகவே கூடிக்கொண்டது, கோணலாக. பாம்பு என்று எழுதியது பொய்.

உன்னிடம் எப்படிச் சொல்வது என்று இத்தனை நாள் விழுங்கிக்கொண்டிருந்தேன். அவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தவன் நீ. "தங்கமான பையன்" என்றவன் நீ. ஷெரிப் ஆபீசில் போய்ச் சொன்னேன். ஒருத்தர் வந்தார், ராய்ஸோடு உட்கார்ந்து காபி குடித்தார், மாட்டு விலை பேசினார், போய்விட்டார். அன்றைக்கு ராத்திரி நான் வாங்கிய அடி வேறு கணக்கு.

"உங்கண்ணன் எப்பவும் என் பக்கந்தான்டி. வேணும்னா கூப்பிட்டுப் பாரு" என்று ராய்ஸ் அடிக்கடி சொல்வார். எனக்குள் சிரித்துக்கொள்வேன். உன்னை அவருக்கு என்ன தெரியும்?

நான் அவரைச் சுடப்போவதில்லை, அண்ணா, பயப்படாதே. சுத்தியைப் பின்னால் இழுக்கும்போது க்ளிக் என்று ஒரு சத்தம் வருமே, அது போதும். அந்தச் சத்தம் கேட்டால் அவர் நின்ற இடத்திலேயே நிற்பார். பையைத் தூக்கிக்கொண்டு நான் வண்டியில் ஏறிவிடுவேன். ஏறிவிட்டால் உன் வாசலில்தான் வந்து இறங்குவேன்.

அதனால் கட்டைவிரல் எட்டவேண்டும். அது ஒன்றுதான் நான் கேட்பது. அழகு வேண்டாம், பளபளப்பு வேண்டாம். கருவேலம் வேண்டாம், அவர் வெட்டிய மரம். வால்நட்டில் செய்.

போன் மட்டும் பண்ணிவிடாதே, உனக்குக் கோடிப் புண்ணியம்.

ஒலீட்டா


வில்காக்ஸ்
8 ஏப்ரல் 1974

என் லீட்டா,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. மூடி மூடி வைத்தால் எந்தக் குடும்பமும் உருப்படாது, நேரே கேட்டுவிடுவோம் என்று ராய்ஸுக்குப் போன் போட்டேன். கோபித்துக்கொள்ளாதே. துப்பாக்கியைப் பற்றி மூச்சு விடவில்லை.

மாப்பிள்ளை அழுதுவிட்டார், லீட்டா. "மழை இல்ல, மாடு சாவுது, என் புத்தி என்கிட்ட இல்ல மச்சான். இனிமே அவ மேல கை வச்சேன்னா நீயே வந்து என் கைய வெட்டிப் போடு" என்றார். இத்தனை வருஷப் பழக்கத்தில் அந்த மனிதர் அழுது நான் கேட்டதில்லை. ஆண்பிள்ளை அப்படி அழுதால் அதில் வேஷம் இருக்காது. நீயும் கொஞ்சம் விட்டுக்கொடு. ஆத்திரத்தில் கையில் துப்பாக்கி இருந்தால் என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்?

கைப்பிடி இத்துடன் வருகிறது. வால்நட்டில் விரிசல் இருந்தது, அதனால் கருவேலமே வைத்துவிட்டேன். கொஞ்சம் பருமனாக விட்டிருக்கிறேன். முதலில் பெரிதாகத் தெரியும், கை பழகிவிடும். எல்லாம் பழகப் பழகத்தான்.

அண்ணி என்னோடு பேசுவதில்லை. அவள் கோபம் அவளோடு.

உன் நல்லதையே நினைக்கும்
டாய்ல்


வில்காக்ஸ்
2 மே 1974

லீட்டா,

பதிலே காணோம். பார்சல் கிடைத்ததா? கைப்பிடி எப்படி உட்கார்ந்தது? போன் போட்டால் எடுக்க ஆளில்லை. கோபமாக இருந்தால் இரண்டு வரி திட்டியாவது எழுது.

டாய்ல்


எல் பாசோ, ஆஸ்பத்திரி
19 மே 1974

டாய்லுக்கு,

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

பார்சல் கிடைத்தது. அன்றைக்கே மாட்டிப் பார்த்தேன். கட்டைவிரல் எட்டவில்லை. சட்டத்தை நான்தான் தப்பாகப் பூட்டிவிட்டேன் என்று கழற்றி மறுபடி பூட்டினேன். உன் வேலையில் பிசகு வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கை பழகிவிடும் என்று எழுதியிருந்தாயே, அவர் வெளியே போகும்போதெல்லாம் எடுத்து வைத்துப் பழகினேன். விரலை இழுத்து இழுத்துப் பார்த்தேன்.

நீ போன் பண்ணியதை அவர் மனதில் வைத்துக்கொண்டே இருந்தார். ஒரு நாள் காலை, அடுப்பில் பீன்ஸ் வைத்திருந்தேன். "அண்ணன்கிட்ட கோள் மூட்டிட்டு எங்கிட்டயே சோறு திங்கிறியா?" என்று எழுந்தார். நான் கட்டிவைத்திருந்த பையோடு வாசலுக்கு ஓடி, திரும்பி நின்று துப்பாக்கியைத் தூக்கினேன். விரல் எட்டவில்லை. பையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் முயன்றேன். அதற்குள் அவர் வந்துவிட்டார். அவசரமே படவில்லை. குழந்தை கையிலிருந்து கத்தியை வாங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டார்.

அவர் கையில் அது அப்படியே உட்கார்ந்தது. அவருக்கே ஆச்சரியம். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அட, எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கேடி" என்றார். க்ளிக் என்று சத்தம் கேட்டது. நான் கையை முகத்துக்கு நேரே தூக்கினேன்.

ராய்ஸ் இப்போது ஜெயிலில் இருக்கிறார்.

நீ கொஞ்சம் பருமனாக விடவில்லை, டாய்ல். சுவரில் தொங்கும் காகிதத்தை எடுத்து அந்த அளவுக்கு வெட்டினாய். என் கையில் துப்பாக்கி சரியாக உட்கார்ந்தால் என்ன ஆகுமோ என்று பயந்தாய். உனக்கு என்னைப் பார்த்துத்தான் பயம் வந்தது, அவரைப் பார்த்து வரவில்லை. உன்னைப் பற்றி அவர் சொன்னது சரி. உன்னை எனக்குத்தான் தெரியாமல் போயிற்று.

அண்ணி இங்கே என்னோடுதான் இருக்கிறாள். என் தலையை வாரிவிடுகிறாள், ஊட்டிவிடுகிறாள். எப்போது வீட்டுக்குத் திரும்புவாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. நீ வராதே. எழுதாதே.

இத்துடன் ஒரு காகிதம் இருக்கிறது. கட்டு அவிழ்த்த அன்று, என் வலது கையை வைத்து அண்ணி வரைந்து கொடுத்தாள். கட்டைவிரல் இருக்கிறது. கோணல் சுண்டுவிரல் இருக்கிறது. நடுவில் ஒன்றும் இல்லை.

இதையும் சுவரில் மாட்டிக்கொள். பென்சில் வழுக்கவில்லை.

ஒலீட்டா