ஆவடி டிப்போவின் பங்கு

ஜூன் 2, திங்கள்

காலை எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று. தண்ணீர் கேன் சொல்ல வேண்டும். கேஸ் சிலிண்டர் பதிவு.

மாதக் கணக்கு முடியவில்லை. பொதுச் செலவைப் பிரிக்கும் ஸ்க்ரிப்ட் மதியம் ஓட ஆரம்பித்து, மூன்று மணி நேரம் கழித்தும் ஓடிக்கொண்டே இருந்தது. அக்கவுண்ட்ஸ்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இத்தனைக்கும் வேலை ஒன்றுதான்: கோடவுன் வாடகை, லாரி, கரண்ட் எல்லாவற்றையும் மொத்தமாகச் சேர்த்து, சரக்கு வைக்கும் டிப்போக்களுக்குச் சதுர அடிக் கணக்கில் பங்கு போடுவது. கடைசியில் மேனேஜர் நடுவிலேயே நிறுத்தச் சொன்னார். "சுதா, இதை நீங்க ஒரு கை பாருங்க."

எழுதியது எதிர் சீட் இளங்கோ. அவன் மேல் கோபமில்லை. ஸ்க்ரிப்ட் மேல்தான்.

ஜூன் 3, செவ்வாய்

அம்பத்தூர் எஸ்டேட் ரோட்டில் பைப் தோண்டுகிறார்கள். அரை மணி நேரம் போச்சு.

ஸ்க்ரிப்டைப் படித்தேன். டிப்போவுக்கு ஒரு பத்தி. எல்லாப் பத்தியிலும் அதே வரிகள், பெயர் மட்டும் வேறு. ஒவ்வொன்றுக்கும் கியூப் முழுவதையும், அதாவது கம்பெனியின் எல்லா எண்களும் பெட்டி பெட்டியாக இருக்கும் டேட்டாபேஸை, ஒரு சுற்று சுற்றி வருகிறது. கோயில் பிரகாரமா இது? ஒரே சுற்றில் முடிக்கலாம்.

ஆரம்பத்தில் ஒரு வரி, எல்லா டிப்போவுக்கும் எல்லாப் பொருளுக்கும் பூஜ்யம் போடுகிறது. நேரத்தில் பாதியை அதுவே தின்கிறது. அதன் மேல் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்க் குறிப்பு: இதை எடுக்காதே. ஏன் என்று சொல்லவில்லை. பூஜ்யத்தைப் போட்டு யாருக்கு என்ன லாபம். எடுத்துவிட்டேன்.

இரவு அபார்ட்மெண்ட் அசோசியேஷன் மீட்டிங். தண்ணீர் லாரிக் காசை வீட்டுக்கு இவ்வளவு என்று பிரிப்பதா, ஆளுக்கு இவ்வளவு என்றா. ஆபீசில் செய்யும் அதே வேலை, சத்தம்தான் கூட.

ஜூன் 4, புதன்

புது ஸ்க்ரிப்ட். பத்து நிமிடத்துக்குள் முடிந்தது. பிரித்த தொகைகளைக் கூட்டிப் பார்த்தேன், மொத்தச் செலவோடு பைசா பிசகவில்லை. இளங்கோ எழுந்து வந்து திரையைப் பார்த்து, கலக்கிட்ட என்றான். சந்தோஷமாக இருந்தது. மறைப்பானேன்.

வரும் வழியில் பாதாம் பால்.

ஜூன் 6, வெள்ளி

ரிப்போர்ட் மேலே போய்விட்டது. இந்தப் பக்கம் இரண்டு டிப்போ: ஆவடி பழையது, நசரத்பேட்டை போன மாதம் திறந்தது. இரண்டில் ஒன்று போதும் என்று பேச்சு. நசரத்பேட்டை லாபம், ஆவடி நஷ்டம். வியாழக்கிழமை மீட்டிங்கில் முடிவாம். மேனேஜர், ஆவடியை மூடிவிடுவார்கள் என்றே பேசுகிறார்.

மதியம் ஆவடி இன்சார்ஜ் தனசேகர் போன். இதுவரை அவருடன் பேசியதில்லை. "அதே எடம், அதே ஆளுங்க மேடம். நாங்க ஒண்ணும் புச்சா செலவு பண்ல. எங்க மேல மட்டும் எப்டி ஏறிகினு கீது?"

மொத்தம் சரியாக இருக்கிறது, நானே பார்த்தேன் என்றேன். லோடு ஆட்கள் எட்டுப் பேரும் பட்டாபிராம் பக்கத்திலிருந்து சைக்கிளில் வருகிறவர்கள், நசரத்பேட்டைக்கு வர முடியாது, வேலை போய்விடும் என்றார். வைத்துவிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

துணி துவைத்தேன். மழை வரும் போல இருட்டி, வராமல் போனது. தனசேகர் கேட்டது மண்டையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. எரிச்சல்.

ஜூன் 9, திங்கள்

ஆவடியின் சதுர அடி மாறவில்லை. பங்கு ஏறியிருக்கிறது. மற்ற டிப்போக்களுக்கும் அப்படியே. நசரத்பேட்டைக்கு? அந்த இடம் காலி. பூஜ்யம்கூட இல்லை, காலி.

கியூபைத் திறந்து பெட்டி பெட்டியாகப் பார்த்தேன்.

ஏற்கெனவே ஏதாவது எண் விழுந்த இடத்தில்தான் கியூபில் பெட்டி இருக்கும். விழாத இடத்தில் பெட்டியே கிடையாது. என் ஸ்க்ரிப்ட் இருக்கிற பெட்டிகளை மட்டும் சுற்றி வந்து, மொத்தச் சதுர அடியையும் அவற்றில்தான் கூட்டியது. மற்றவற்றுக்குப் பட்ஜெட் எண் ஏற்கெனவே விழுந்திருந்தது; பட்ஜெட் போட்டபோது நசரத்பேட்டை இல்லை, அதனால் அதற்குச் செலவுப் பெட்டியும் இல்லை. அதன் வாடகை பொதுச் செலவில் சேர்ந்துவிட்டது. சுமக்க மட்டும் அது வரவில்லை, மற்றவர்கள் சுமந்தார்கள். மொத்தம் சரியாகத்தானே இருக்கும்.

அந்தப் பூஜ்யம் பெட்டியைத் திறப்பதற்கு.

ஜூன் 10, செவ்வாய்

இளங்கோவிடம் கேட்டேன், ஏன் எடுக்கக் கூடாது என்று ஒரு வரி எழுதியிருக்கலாமே. "எழுதும்போது தெரிஞ்சுதான் இருந்துச்சு சுதா. இப்ப நீ சொன்னாத்தான் ஞாபகம் வருது." அடிக்க வேண்டும் போல இருந்தது. என்னையும் சேர்த்து.

எல்லாப் பொருளுக்கும் பூஜ்யம் வேண்டாம். சதுர அடி உள்ள டிப்போக்களுக்குச் செலவுப் பெட்டி மட்டும் திறந்தால் போதும். வேகம் கிட்டத்தட்ட அப்படியே. மேலே மூன்று வரி குறிப்பு, காரணத்தோடு. மேனேஜர் மொத்தம் சரியாத்தானே இருக்கு என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு முகம் இறுகியது. புது ரிப்போர்ட் போனது.

கேஸ் இன்னும் வரவில்லை.

ஜூன் 12, வியாழன்

ஆவடி கொஞ்சம் லாபம். நசரத்பேட்டை நஷ்டம். ஆவடி நிற்கிறது, நசரத்பேட்டையை மூடிவிடுகிறார்கள். சாயங்காலம் தனசேகர் போன் செய்து தகவல் சொன்னார். தப்பு என்னுடையது என்றேன். லாரி வந்திருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டார்.

நிம்மதி. நன்றாகப் பசித்தது.

ஜூன் 13, வெள்ளி

லேசான தூறல். நசரத்பேட்டை இன்சார்ஜ் கலைச்செல்வி போன். என் நம்பரைத் தனசேகரிடம் வாங்கினாராம். இந்த வேலைக்காகத்தான் விழுப்புரத்திலிருந்து வந்து குமணன்சாவடியில் வீடு பிடித்தாராம், இந்த வாரம்தான் பிள்ளையை அங்கே பள்ளியில் சேர்த்திருக்கிறார். அழவில்லை, கோபமும் இல்லை. "ஆவடிக்குத் தப்பு கண்டுபிடிச்சீங்களாமே மேடம். எங்களுதையும் ஒரு தடவ பாக்குறீங்களா?"

பார்க்கிறேன் என்றேன். ஸ்க்ரிப்டை மறுபடி ஓட்டினேன். பிறகு பேப்பரில், கையால். மதியம் சாப்பிடாமல் இளங்கோவையும் உட்காரவைத்து இன்னொரு தடவை.

தப்பு எதுவும் இல்லை. போன் செய்து அதைச் சொன்னேன்.